நிழல் சேர்க்கப்பட்டது

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே, மரம் என்று ஒன்றும் கூரை என்று ஒன்றும் காக்கை உட்காரக் கம்பி என்று ஒன்றும் இல்லாமல் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடக்கிற உப்பளத்தில், பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நிழல் ஒன்று வந்து விழுந்தது. மேகத்தின் நிழல் என்று சொல்ல மேகம் இல்லை. பந்தலின் நிழல் என்று சொல்ல அங்கே யாரும் ஒருநாளும் பந்தல் போட்டதில்லை. மூன்றாம் பாத்திக்கும் நான்காம் பாத்திக்கும் இடையில் இருக்கிற அகல வரப்பில், கல்யாண வீட்டு ஜமுக்காளத்தை விரித்துப் போட்டாற்போல நான்கு மூலையும் நேராக, மேலே ஒன்றுமே இல்லாமல், நிழல் மட்டும் கிடந்தது. சூரியன் நகர்ந்தது. நிழல் நகரவில்லை.

முதலில் பார்த்தவள் தங்கபுஷ்பம். அவள் கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பழங்கஞ்சி இருந்த தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் நிழலின் ஓரத்தில் வைத்துவிட்டு, மூடியைத் தொட்டுப் பார்த்து, சூடு ஏறவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தாள்.

"மதினி, வரப்புல நெழலு கெடக்கு."

"கெடந்தா கெடக்கட்டும். நீ வாருபலகையை எடு," என்றாள் சேர்மக்கனி.

சேர்மக்கனி அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த உப்பளத்தில் நிழல் வேண்டும் என்று முதன்முதலில் வாய் திறந்து கேட்டவள் அவள்தான். கலெக்டரிடம் கேட்டாள், கலெக்டர் மாறிப்போனார், அடுத்த கலெக்டரிடம் கேட்டாள். தொழிலாளர் அலுவலரிடம் கேட்டாள், ஓட்டு வாங்க வந்தவனிடம் கேட்டாள், ஓட்டு வாங்கிக்கொண்டு போனவனை மறித்து நடுரோட்டில் உட்கார்ந்து கேட்டாள், அதற்காகப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குள்ளே போய் அங்கே இருந்த சூப்பிரண்டிடமும் ஒருமுறை கேட்டாள். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அளத்து கேட்டில் ஒட்டிய சங்கத்து நோட்டீசுகளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள், தன் பெயரை எழுதத் தெரிவதற்கு முன்னால் 'கோரிக்கை' என்ற சொல்லை எழுதத் தெரிந்துகொண்டவள். கூட நின்று கோஷம் போட்டவர்களில் ஒருத்தன் கவுன்சிலர் ஆனான், ஒருத்தன் லாரி வாங்கி அதே முதலாளிக்கு உப்பு ஏற்றினான், ஒருத்தன் கோஷம் போட்ட தொண்டையாலேயே கோயில் கொடைக்கு மைக்கில் அறிவிப்புச் செய்யப் போய்விட்டான். அவள் மட்டும் மிச்சம் இருந்தாள். அத்தனை வருஷம் கேட்டு வராத ஒன்று, கேட்காத ஒருநாள் காலையில் சும்மா வந்து வரப்பில் படுத்துக் கிடந்தால், அதைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு வாய் வரவில்லை.

நிழல் எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. தங்கபுஷ்பத்தின் மகள் அருள்செல்வி, பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற அறையில் இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தாள். 'அளத்துக்காரி' என்று பெயர். ஒரே ஆள் விளையாடுகிற ஆட்டம். விளையாடுகிறவன் ஒரு பெண்ணை நடத்தவேண்டும். அவள் பாத்தியில் உப்பை வாரி, ஓலைப் பெட்டியில் நிரப்பி, தலையில் தூக்கி, அம்பாரத்தில் கொட்டி, கண் போகாமல் கால் போகாமல் கோடையைக் கடக்கவேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை வாங்கி ஊர் ஊராக விற்றது. வாங்கியவர்கள், அந்தப் பெண் அடிக்கடி மயங்கி விழுகிறாள், ஏதாவது செய்யுங்கள் என்று எழுதினார்கள். அதனால் புதன்கிழமை சாயங்காலம் ஆட்டத்துக்கு முதல் அப்டேட்டை விட்டார்கள். அதன் குறிப்பில் ஒரு வரி இருந்தது: நிழல் சேர்க்கப்பட்டது. கொட்டகையாகத்தான் நினைத்திருந்தார்கள். கூரையையும் தூணையும் வரைய நேரம் இல்லாததால் நிழலை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் போனைக் காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். போனுக்குள்ளும் மூன்றாம் பாத்திக்கும் நான்காம் பாத்திக்கும் நடுவில், மேலே ஒன்றும் இல்லாமல், அதே நிழல்.

"அப்பம் சரி," என்றார்கள் பெண்கள், மகள் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் தாய் வீட்டுக்குச் சுவர் எழும்பினால் எப்படிச் சொல்வார்களோ அப்படி. தட்டுகளை எடுத்துக்கொண்டு நிழலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்த ஊரிலும் எதற்கும் நடக்கிறதுதான். கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, இது கட்டடம் அல்ல, ஆகவே வரி இல்லை, ஆனாலும் ஆக்கிரமிப்பாக இருக்க வாய்ப்புண்டு என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். மாதா கோயில் சாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். அவர் போன சூட்டோடு மாரியம்மன் பக்தர்கள் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் வாடாமல் இருந்ததை இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டன. இரண்டு கட்சிக்காரர்கள் நிழலுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, நிழல் தந்த தங்கள் தங்கள் தலைவருக்கு நன்றி சொல்லிப் பிளெக்ஸ் கட்டினார்கள். அந்தப் பிளெக்ஸின் நிழல் மட்டும் வெயிலுக்குத் தக்கபடி நகர்ந்து நகர்ந்து விழுந்ததால், எது கட்சி தந்த நிழல், எது அருள்செல்வி தந்த நிழல் என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. கணக்கப்பிள்ளை ராஜாமணி ஒரு விசில் வாங்கி வந்து, ஒரு விசிலுக்கு உள்ளே போகவேண்டும், மறு விசிலுக்கு வெளியே வரவேண்டும் என்று சட்டம் போட்டார். பெண்கள் முதல் விசிலை மட்டும் காதில் வாங்கினார்கள்.

அவர்களோடு பெட்டி சுமக்கிற எஸ்தருக்குத்தான் அந்த நிழல் உயிராக இருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் இதே வரப்பில், இதே வெயிலில், வயிற்றிலேயே கலைந்து போனவை. இந்தத் தடவை வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்க, நாலு பெட்டி சுமந்தால் ஒரு நடை நிழலில் போய்ச் சாய்ந்து, மூச்சு வாங்கி, எழுந்து வந்தாள். டாக்டரம்மா காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு நாடி நல்லா ஓடுது" என்றார்களாம். எஸ்தர் அதை அளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சேர்மக்கனி மட்டும் உள்ளே போகவில்லை. நிழலின் ஓரத்திலிருந்து கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், வெயிலில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கஞ்சியைக் குடித்தாள்.

"மதினி, ஒரு அடி தள்ளி உக்காந்தா சங்கத்துல இருந்து நீக்கிருவாவளோ?" என்று எஸ்தர் உள்ளிருந்து கேட்டாள்.

"சங்கத்துல என்னைத் தவிர ஆளு இருந்தாத்தானே நீக்கதுக்கு."

"நாங்கல்லாம் என்ன, உப்பா?"

"நீங்க வெயிலு அடிச்சா சங்கம், நெழலு வந்தா சாப்பாட்டுக் கடை," என்றாள் சேர்மக்கனி. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்காமல் இல்லை. ஆனால் அவள் நகரவில்லை.

நிழல் வந்த நாளிலிருந்து இன்னொன்றும் நடந்தது. போனுக்குள் இருந்த பெண் தானாகச் சில காரியங்கள் செய்யத் தொடங்கினாள். வாருபலகையைப் பிடிக்கும் முன் உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். கணக்கப்பிள்ளை வருகிற திசையில் முதுகைத் திருப்பிக்கொண்டாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். அருள்செல்வியோ அவள் கூட்டாளிகளோ அதையெல்லாம் எழுதி வைத்திருக்கவில்லை. எவ்வளவு நுணுக்கம், எவ்வளவு உயிர் என்று விளையாடியவர்கள் பாராட்டி எழுதினார்கள். அருள்செல்வி நன்றி என்று பதில் போட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அளத்துப் பெண்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நிறைந்த பெட்டியைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்கிற மனுஷி உலகத்தில் கிடையாது. ஒருத்தி தூக்கிவிடவேண்டும், ஒருத்தி தலை கொடுக்கவேண்டும்; சேர்மக்கனிக்குத் தங்கபுஷ்பம் தூக்கிவிடுவாள், தங்கபுஷ்பத்துக்குச் சேர்மக்கனி. ஒருத்தி லீவு போட்டால் மற்றவளும் வீட்டில் இருக்கவேண்டியதுதான். ஆட்டத்தில் இருந்தவளோ ஒற்றையாகக் குனிந்து, ஒற்றையாகத் தூக்கி, ஒற்றையாக நடந்தாள்.

"எனக்குத் தெரியாதா அத்தை? நான் அம்மைக்கே தூக்கிவிட்டவ," என்று அருள்செல்வி போனில் சொன்னாள். "ரெண்டாவது பொம்பளைய வரைஞ்சிருந்தோம். பட்ஜெட்ல வெட்டிட்டாங்க. இது ஒரு ஆள் ஆட்டம், ஒரு ஆள் போதும்னுட்டாங்க."

"வெட்டச் சொன்னவன் ஒரு பெட்டியைத் தலையில தூக்கி வைக்கட்டும், பாப்போம்," என்றாள் சேர்மக்கனி.

சித்திரை பிறந்து வெயில் வெறி பிடித்தாற்போல இறங்கிய ஒரு மத்தியானத்தில், கம்பெனி 'வரவிருக்கும் திட்டங்கள்' என்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தங்கபுஷ்பம் நிழலில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தாள். சேலைக்குப் புதிய நிறங்கள் வரும். படம் பிடிக்கிற வசதி வரும். உப்பு அம்பாரம் நிலவில் மின்னும். கடைசி வரியில் அவள் குரல் தேய்ந்தது. 'நிழல் வந்தபின் ஆட்டம் மிக எளிதாகிவிட்டது என்ற உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டோம். அடுத்த அப்டேட்டில் கடும் கோடை அறிமுகமாகிறது. நிழல் நீக்கப்படும்.'

எஸ்தர் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, நிழலின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எடுத்துருவாவளா?" என்று கேட்டாள். கேட்டது தங்கபுஷ்பத்தை இல்லை, வெயிலில் உட்கார்ந்திருந்தவளை.

"நாம கேக்காமக் குடுத்தாவ. நாம கேக்காமலே எடுக்காவ. யாரு தடுப்பா?" என்றாள் சேர்மக்கனி. அவள் குரலில் கசப்பு இருந்தது; அதற்கு அடியில், பல வருஷமாகப் பரணில் கிடந்த முரசை யாரோ கீழே இறக்கித் தூசு தட்டுகிற மாதிரி ஒரு சந்தோஷமும் இருந்தது. கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அது எனக்கு நெழலு இல்ல. சும்மா கெடந்த இருட்டு. ஆனா இப்பம் அது கோரிக்கை. கோரிக்கைன்னா எனக்கு வேலை இருக்கு."

முதல் வேலையாக அவள் ஒரு மனு சொன்னாள். வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லிப் பழகிய மனு. 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கி, 'தாங்கள் மேற்படி நிழலை நீக்கும் முடிவைக் கைவிட்டு' என்று வளர்ந்து, 'இப்படிக்கு, உப்பளத் தொழிலாளர்கள்' என்று முடிவது. விளையாடுகிறவர்கள் கருத்து எழுதுகிற இடத்தில், அளத்தில் யார் யார் கையில் போன் இருந்ததோ அத்தனை பேரும் அதே மனுவை எழுத்துப் பிசகாமல் போட்டார்கள். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் போனில் போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்துப் படம் எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு வார்த்தை மாறினாலும் ஒற்றுமை கெட்டுப்போகும் என்பது சங்கத்துப் பாடம். ஒருத்தியும் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

"ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தா, ஏதோ ஒரு ஆளு பொய்யாப் பத்து வேஷம் போட்டு எழுதுதான்னு மெஷின் நினைச்சுக்கும் அத்தை. தானா அழிச்சிரும்," என்றாள் அருள்செல்வி. "ஆளாளுக்கு வேற வேற மாதிரி எழுதியிருக்கணும்."

"ஒரே குரல்ல பேசுனா ஆளே இல்லைன்னு அர்த்தமா?"

"அதுக்கு அப்படித்தான்."

"கலெக்டர் ஆபீஸே தேவலாம்," என்றாள் சேர்மக்கனி. "அங்க வாங்கி வச்சுட்டுத்தான் குப்பையில போடுவாவ."

போனைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு அவள் சிறிது நேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உப்பு விளைந்து, விளிம்பு வெடித்து, வாரச் சொல்லிக் காத்துக் கிடந்தது. எதைச் சொன்னாலும் அழித்துவிடுகிற இடத்தில் சொல்லிப் பயன் இல்லை; அழிக்கமுடியாத இடம் தன் கையில் ஒன்றுதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், வேறு யாரைவிடவும் நன்றாகத் தெரியும்.

"பெட்டியைக் கீழே வைங்கடி," என்றாள்.

வைத்தார்கள். நிறைந்த பெட்டிகளை வரப்பு நெடுகக் கீழே வைத்துவிட்டு, அதனதன் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். ராஜாமணி குடையும் விசிலுமாக ஓடி வந்தார். ஊதினார். ஒருத்தியும் எழவில்லை.

"என்னம்மா இது? எங்க மேல என்ன கோவம்?"

"உம்ம மேல கோவம் இல்ல அண்ணாச்சி."

"முதலாளி மேலயா?"

"அவிய மேல கோவப்பட்டு அலுத்துப்போச்சு. இது வேற ஆளு மேல."

"யாரு?"

"இந்த நெழலை எடுக்கப் போறேன்னு வெளிநாட்டுல ஒருத்தன் சொல்லுதான். அவன் மேல."

"வெளிநாட்டுக்காரன் மேல கோவம்னா எங்க உப்பு என்னம்மா பண்ணிச்சு?"

"உமக்கு வெளிநாட்டுல வேற அளம் இருந்தாச் சொல்லும், அங்க போய் உக்காருதோம்," என்றாள் சேர்மக்கனி.

அந்த நேரத்தில், சேர்மக்கனி பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஊர்களில், பனி பெய்கிற ஊர்களிலும் ரயில் தரைக்கு அடியில் ஓடுகிற ஊர்களிலும், யார் யார் வீட்டிலெல்லாம் அந்த ஆட்டம் திறந்திருந்ததோ அங்கெல்லாம், திரைக்குள் இருந்த அளத்துக்காரி பெட்டியைக் கீழே வைத்தாள். முக்காட்டை அவிழ்த்து விசிறிக்கொண்டாள். காலை மடக்கி உட்கார்ந்தாள். விளையாடியவர்கள் பொத்தானை அழுத்தினார்கள், அணைத்துவிட்டுப் போட்டார்கள், அழித்துவிட்டு மறுபடி இறக்கினார்கள், அவள் எழவில்லை. சிலர் இது பிழை என்றார்கள். சிலர் இது கலை என்றார்கள். சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். பிறகு எங்கோ ஒருத்தி, வேலை முடிந்து வந்து வெறுமனே அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்திருக்கிறவள் அடிக்கடி பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறாள், அங்கே இருக்கவேண்டிய யாரோ இல்லை, அந்த ஆளும் கொஞ்சம் நிழலும்தான் இவள் கேட்பது என்று எழுதினாள். அதைப் படித்தவர்கள் தங்கள் தங்கள் பாஷையில், தங்கள் தங்கள் வார்த்தையில், வாயில் வந்தபடி எழுதத் தொடங்கினார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லாததால் மெஷினால் எதையும் அழிக்க முடியவில்லை.

நிழல் கேட்டபோதெல்லாம் வாயே திறக்காத முதலாளி, பாத்தியில் விளைந்த உப்பு வெறுமனே கிடப்பதைப் பார்த்துவிட்டு, தங்கபுஷ்பத்திடம் நம்பர் வாங்கித் தானே அருள்செல்விக்குப் போன் போட்டு, "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பொம்பளையளுக்கு நெழலைக் குடுத்துரு" என்று கெஞ்சினார். தங்கபுஷ்பம் இதை வந்து சொன்னபோது, சேர்மக்கனி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அருள்செல்வி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகத்தில் தூக்கம் இல்லை. சேர்மக்கனியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தனியாப் பேசுத பழக்கம் சங்கத்துல கிடையாது. எல்லாரும் இருக்கும்போது பேசு."

பேசினார்கள். எல்லோரும் நிழலில், சேர்மக்கனி ஓரத்து வெயிலில், அருள்செல்வி எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நிழலின் கோட்டின்மேலேயே. கம்பெனிக்காரன் ஒருத்தன் போனில் இருந்தான். அவன் சொல்வதை அவள் தமிழில் சொன்னாள்.

"நிழலை எடுக்கலைன்னு ஒத்துக்கிறாங்க அத்தை."

"நாளைக்கு இன்னொரு திட்டம்னு சொல்லி எடுத்தா?"

"எந்தத் திட்டத்திலும் எடுக்கலைன்னு அறிவிப்பிலேயே போடறோம்."

"நெழலு ஒரே எடத்துல கெடக்கு. நாங்க ஒம்பதாம் பாத்தியில நின்னா இங்க வாரதுக்குள்ள ஆவி போயிருது. ஆளு எங்க வேலை செய்யுதோ அங்க நெழலு வரணும்."

அருள்செல்வி போனில் பேசினாள். "அது முடியும்," என்றாள்.

"அப்புறம் தூக்கிவிட ஆளு."

"அத்தை, அதுதான் இடிக்குது. ஒரு ஆள் ஆட்டம்னு சொல்லித்தான் வித்திருக்காங்க."

"விளையாடுதது ஒருத்தனா இருக்கட்டும். வேலை பாக்கது ரெண்டு பேரா இருக்கட்டும். அவன் ஒத்தையா இருக்கான்னு நாங்களும் ஒத்தையா இருக்கணுமோ?"

அருள்செல்வி அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாளோ தெரியாது. பிறகு அந்த ஆள் ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுதான்?"

"சரின்னுட்டான். ஆனா ஆட்டம் கஷ்டமா வேணும்னு கேக்கறவங்க நிறையப் பேரு இருக்காங்களாம். அவங்களுக்கு ஏதாவது குடுத்தாகணுமாம். நிழலும் இருந்து ஆளும் இருந்தா அப்புறம் கஷ்டம் எங்கேன்னு கேக்கறான்."

சேர்மக்கனி சுற்றிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி, ஒரு கையில் குடை, ஒரு கையில் முதலாளி கத்துகிற போன், வாயில் ஊதி ஊதி ஓய்ந்த விசில் என்று ராஜாமணி நின்றுகொண்டிருந்தார்.

"கஷ்டம் வேணும்னு கேக்கவன அண்ணாச்சியா விளையாடச் சொல்லு."

அளமே சிரித்தது. எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீய மதினி, பிள்ளை இப்பமே வந்துரும்" என்றாள்.

"ஏன், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றார் ராஜாமணி.

"கோவிக்காதீரும். நியாயத்தைச் சொல்லும். உப்பு வெளஞ்சு கெடக்கு. மேகம் வந்தாக் கரைஞ்சிரும். முதலாளி போனுல கத்துதாவ. நாங்க எந்திரிக்க மாட்டோம்னு உக்காந்திருக்கோம். இதைவிடக் கஷ்டமான ஆட்டம் உலகத்துல உண்டுமா?"

ராஜாமணி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"இல்லம்மா," என்றார்.

அப்படியே போட்டார்கள். அடுத்த அப்டேட்டின் குறிப்பை அருள்செல்வி அங்கேயே வரப்பில் உட்கார்ந்து தட்டினாள். சேர்மக்கனி ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லி, இரண்டு இடத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று இருந்ததை 'செய்யப்படும்' என்று மாற்றவைத்தாள். நிழல் எந்தக் காலத்திலும் எந்த முறையிலும் நீக்கப்பட மாட்டாது. நிழல் வேலை செய்கிறவரோடு நகரும். பெட்டியைத் தூக்கிவிட இன்னொரு பெண் சேர்க்கப்படுகிறாள். கடினமாக வேண்டும் என்பவர்கள் கணக்கப்பிள்ளையாக விளையாடலாம்.

அந்த அப்டேட் வெளியான மறுநாள் காலையில், அகல வரப்பில் அத்தனை நாளும் படுத்துக் கிடந்த நிழல் எழுந்தது. எழுந்தது என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆட்டு மந்தை எழுந்து மேயப் போவதுபோலக் கலைந்து, ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரிந்து, பாத்திக்குப் பாத்தி நடந்தது. பெண்கள் அது வந்து மேலே விழுந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வேலையை விடாமல் செய்தார்கள். தன்மேல் வந்து விழுந்த துண்டைச் சேர்மக்கனி அண்ணாந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். விலகி நடந்தாள்; கூடவே வந்தது. நின்றாள், நின்றது.

"சரி, வா. நீ இப்பம் நாங்க வாங்குனது," என்று அதனிடம் சொல்லிவிட்டு, உள்ளங்கையில் துப்பிக்கொண்டு வாருபலகையைப் பிடித்தாள்.

ராஜாமணிக்குத்தான் கொஞ்சம் சிரமம். அவர் எந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாலும் நிழல் அவர் செருப்பு வரைக்கும் வந்து நின்றுகொண்டது. குடையும் அன்றைக்கென்று விரிய மறுத்தது. கடினமான ஆட்டம் எங்கும் நன்றாக விற்கிறது என்று தங்கபுஷ்பம் சொன்னாள்.

அந்தக் காலையிலேயே, ஏழாம் பாத்தியின் மேட்டில் ஒரு புதிய பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நிறமும் இல்லாத சேலை. முப்பது வயது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பெட்டியின் அடியைப் பிடிக்கிற தோதில் வைத்திருந்தாள். அருள்செல்வி சேர்க்கப்படுகிறாள் என்று எழுதியிருந்தாள் அல்லவா, சேர்ந்துவிட்டாள். எஸ்தர் தன் பெட்டியோடு போய் நின்றதும் அவள் பேசினாள்:

"தூக்கவா?"

"தூக்குத்தா. ஒன் பேரு என்ன?"

"தூக்கவா?"

"ஊரு?"

"தூக்கவா?"

"பாவம், பேச்சு எழுத நேரம் கெடைக்கல போல. ஒரு வார்த்தைதான் குடுத்து அனுப்பியிருக்கா எம் மக," என்றாள் தங்கபுஷ்பம். அவ்வளவுதான். தனக்குக் கொண்டுவந்ததில் பாதிக் கஞ்சியை அவளுக்கு ஊற்றினாள் ஒருத்தி, பழைய முக்காட்டுத் துணி ஒன்றை அவள் தலையில் கட்டிவிட்டாள் இன்னொருத்தி. மத்தியானம் வரைக்கும் அவள் யார் கூப்பிட்டாலும் போய்த் தூக்கிவிட்டாள், களைக்காமல், முகம் மாறாமல்.

சாயங்காலம் ராஜாமணி கூலி போட உட்கார்ந்தார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். புதியவளும் நின்றாள். அவள் முறை வந்ததும் அவர் அடுத்தவளைப் பார்த்து, "வாம்மா" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளை விட்டுட்டீரு," என்றாள் சேர்மக்கனி.

"யாரை?"

"இவளை."

"பேரு இல்ல, ஆதார் இல்ல, ஊரு தெரியல. கம்ப்யூட்டர்ல இருந்து வந்தவளுக்கு எப்படிம்மா கூலி போடுதது? முதலாளி என்னைக் கொன்னுருவாவ."

"தூக்கும்போது ஆதார் கேட்டீரா?"

"அதுக்குன்னே அனுப்புன ஆளு அவ. தூக்குததுதான் அவ வேலை. அவளுக்குக் கூலி வேணும்னு அவளா கேட்டா?"

சேர்மக்கனி கோஷம் போடவில்லை. வாங்கிய கூலியை மேசைமேல் திருப்பி வைத்தாள். தங்கபுஷ்பம் வைத்தாள். எஸ்தர் வைத்தாள். ஒருத்திக்கும் ஒருத்தி கண் காட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மறுநாள் காலையில் வார வேண்டிய பாத்திகள் விளைந்து கிடந்தன. லாரி ஒன்று ஏற்றுவதற்குக் காத்து நின்றது. ஏற்றவேண்டிய பெட்டிகள் நிறைந்து இருந்தன. அதனதன் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள், அவரவர் நிழலோடு.

ராஜாமணி புதியவளைப் பார்த்தார். அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி.

"நீயாவது நல்லா இரும்மா," என்றார். "அந்தப் பெட்டியைத் தூக்கு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். கைகளைக் கீழே இறக்கினாள். இறக்கின கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சேர்மக்கனிக்கும் எஸ்தருக்கும் நடுவில் இருந்த இடத்தில், காலை மடக்கி உட்கார்ந்து, யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்காத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"மாட்டேன்."